சி.ஆர்.ஆர். நம்பர் வாங்கின கதை

மாற்றுத்திறன் பிள்ளைகளுக்கான சிறப்புக் கல்வி டிப்ளமா கையில் வந்ததும், வீட்டுக்குப் பக்கத்தில் இருந்த ஒரு சிறப்புக் குழந்தைகள் மையத்துக்கு வேலை கேட்டுப் போனேன். மதிப்பெண் பட்டியலை வரிசையாக அடுக்கி எடுத்துப் போயிருந்தேன். பொறுப்பாளர் அம்மா அதைத் தொடவே இல்லை. "சி.ஆர்.ஆர். நம்பர் இருக்கா?" என்றார். இன்னும் விண்ணப்பிக்கவில்லை என்றேன். "வாங்கிட்டு வாங்க, பேசலாம்."

இத்தனைக்கும் அதை வகுப்பில் படித்தவள் நான். சிறப்பாசிரியர் பயிற்சிகளுக்கெல்லாம் ஆர்.சி.ஐ. என்கிற இந்திய மறுவாழ்வு கவுன்சில்தான் அங்கீகாரம் தருகிறது. படித்து முடித்தவர்கள் அதன் மத்திய மறுவாழ்வுப் பதிவேட்டில் (சி.ஆர்.ஆர்.) பெயரைப் பதிய வேண்டும். அந்தப் பதிவு எண்தான் சி.ஆர்.ஆர். நம்பர். பதியாமல் வேலை பார்த்தால் 1992ஆம் ஆண்டுச் சட்டப்படி ஓராண்டு வரை சிறை, அல்லது 1,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். பரீட்சையில் இதை எழுதி மதிப்பெண்ணும் வாங்கினேன். எனக்கும் அது பொருந்தும் என்று மட்டும் உறைக்கவில்லை.

அதற்கு முன் ஆறு வருடம் ஒரு நர்சரி பள்ளியில் ப்ரீ-கே.ஜி. மிஸ்ஸாக இருந்தேன். பிள்ளைகளைப் பற்றி எனக்குத் தெரியாததா என்ற நினைப்போடுதான் இந்தப் படிப்பில் சேர்ந்தேன். பிறந்த குழந்தையிலிருந்து ஆறு வயது வரைக்குமான சிறப்புக் கல்வி, ஓராண்டு டிப்ளமா. பள்ளி வகுப்பாசிரியர் வேலையை மனதில் வைத்திருப்பவர்கள் இரண்டாண்டு டி.எட். சிறப்புக் கல்விக்குப் போவதே நல்லது, இது அதற்கு உதவாது. எங்கள் வகுப்பில் பாதிப் பேர் அம்மாக்கள். தங்கள் பிள்ளைக்காகப் படிக்க வந்தவர்கள். ஆசிரியர் ஒரு பக்கம் விளக்கியதை அவர்கள் ஒரு வரியில் சொல்லிவிடுவார்கள்.

என் நினைப்பு முதல் பாடத் திட்டத்திலேயே உடைந்தது. 'குழந்தை நிறங்களை அறிந்துகொள்வான்' என்று குறிக்கோள் எழுதியிருந்தேன். மேடம் சிவப்பு மையால் ஒரே கோடு. "அறிஞ்சுக்கிட்டான்னு எனக்கு எப்படித் தெரியும்? அவன் என்ன செய்வான், அதை எழுது." நான்காவது முறை எழுதியதுதான் தேறியது: 'சிவப்பு, மஞ்சள் கட்டைகளை முன்னால் வைத்து சிவப்பைக் கேட்டால், ஐந்து முறையில் நான்கு முறை எடுத்துக் கொடுப்பான்.' ஆறு வருடத்தில் ஒரு பிள்ளைக்குக்கூட நான் இப்படி யோசித்ததில்லை.

கால்சட்டை போடக் கற்றுக்கொடுப்பதும் அப்படித்தான். வேலையைத் துண்டு துண்டாகப் பிரித்து, கடைசித் துண்டிலிருந்து தொடங்க வேண்டும். நாம் இடுப்பு வரை ஏற்றிவிட்டு, கடைசி இழுப்பை மட்டும் பிள்ளைக்கு விடுவது. அது கைவந்ததும் தொடையிலிருந்து, அப்புறம் முட்டியிலிருந்து. ஒவ்வொரு முறையும் வேலையை முடித்தவன் அவனாகவே இருப்பான். பயிற்சிக்காக எனக்குக் கொடுத்த மூன்று வயதுப் பையன் முட்டி வரை வர ஆறு வாரம் ஆனது.

மதிப்பீட்டுக்கு எம்.டி.பி.எஸ். என்ற பட்டியல். சென்னையிலேயே பேராசிரியர் ஜெயச்சந்திரனும் விமலாவும் உருவாக்கியது. 18 பகுதிகள், பகுதிக்கு 20 செயல்கள், மொத்தம் 360. செய்தால் 'ஏ', செய்யாவிட்டால் 'பி'. மூன்று வயதுப் பிள்ளைக்குப் பணம், நேரம் பகுதிகளில் வரிசையாக பி போட்டுக்கொண்டே போக வேண்டியதுதான். மற்ற இடங்களில்தான் சிக்கல். அம்மா "எல்லாம் செய்வான் மிஸ்" என்பார். பாட்டி "ஒண்ணும் செய்யமாட்டான்" என்பார். இரண்டையும் அப்படியே எழுதாமல், டம்ளரைக் கையில் கொடுத்துப் பார்த்துவிட்டுத்தான் எழுத வேண்டும் என்பது பாடம்.

அந்தப் பாடத்தை நான் கொஞ்சம் அதிகமாகவே படித்துவிட்டேன் போல. செய்முறைத் தேர்வன்று பையன் பாயில் தூங்கிவிட்டான். இரண்டு இரவு உட்கார்ந்து வெட்டிய அட்டைகள் பக்கத்தில் சும்மா கிடந்தன. அவன் அம்மா எழுப்பப் போனார், வெளியிலிருந்து வந்த தேர்வாளர் வேண்டாம் என்றார். என்னைப் பார்த்து, "எழுந்ததும் முதல்ல என்ன செய்வான்?" என்று கேட்டார். ஏழு மாதம் அவனோடு இருந்திருக்கிறேன், தெரியவில்லை. அம்மாதான் சொன்னார்: "சொம்பைக் காட்டுவான் சார், தண்ணி வேணும்னு." தேவையைச் சைகையால் காட்டுவதற்கு என் ரெக்கார்டில் 'பி' இருந்தது. தேர்வாளர் அந்தப் பக்கத்தைப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் திருப்பினார். மதிப்பெண் சுமார்தான் வந்தது. குறை சொல்ல எனக்கு வாயில்லை.

சரி, நம்பர் கதைக்கு வருகிறேன். பத்தாம் வகுப்பிலிருந்து டிப்ளமா வரை எல்லாச் சான்றிதழிலும் என் பெயருக்கு அப்பாவின் இனிஷியல். கல்யாணத்துக்குப் பிறகு ஆதாரில் கணவருடைய இனிஷியலாக மாற்றியிருந்தோம். பிரவுசிங் சென்டர் தம்பி ஆதாரைப் பார்த்தே ஆன்லைன் விண்ணப்பத்தை நிரப்பினார். நானும் சரிபார்க்காமல் தலையாட்டினேன். பெயர் ஒத்துப்போகவில்லை என்று விண்ணப்பம் திரும்பி வந்தது, நியாயம்தான். ஆதாரைப் பழையபடி மாற்றக் கிளம்பினேன். "கல்யாணமாகி பதினோரு வருஷம் கழிச்சு அப்பா இனிஷியலா?" என்று மாமியார் இரண்டு நாள் சரியாகப் பேசவில்லை. ஆதார் மாறி, மறுபடி விண்ணப்பித்து, எண் வர மொத்தம் மூன்று மாதம்.

சேரப்போகிறவர்கள் கட்டணம் கட்டுவதற்கு முன்பே எல்லா ஆவணத்திலும் இனிஷியலைப் பார்த்துவிடுங்கள். அந்த நிறுவனத்தின் அந்தப் படிப்புக்குக் கவுன்சிலின் அங்கீகாரம் இருக்கிறதா என்றும் பாருங்கள். அங்கீகாரம் இல்லாத சான்றிதழ் எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும் இந்த எண் வராது. வாங்கினதோடும் முடிவதில்லை. ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும், அதற்கு சி.ஆர்.இ. என்கிற தொடர் கல்விப் பயிற்சிகளில் 100 புள்ளி சேர்த்திருக்க வேண்டும். நான் சென்னைக்குப் பக்கத்தில் முட்டுக்காட்டில் உள்ள, பல்வகை மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய நிறுவனத்தில் சில பயிற்சிகளுக்குப் போனேன். கடற்கரைச் சாலை பஸ் பயணத்துக்காகவே இன்னும் இரண்டு போகலாம்.

எண்ணோடு அதே மையத்துக்குப் போனேன். பொறுப்பாளர் அம்மா அதைக் குறித்துக்கொண்டு, வருகைப் பதிவேட்டைத் திறந்து என் பெயரை எழுதப் போனார். பேனாவை நிறுத்திவிட்டு நிமிர்ந்தார்.

"இனிஷியல் என்னங்க?"