சிவப்பு இல்லை

ஜனவரி 5, திங்கள்
கோத்தகிரியில் காலையில் புல்லெல்லாம் வெள்ளை. ஸ்பிளிண்ட் (கையைச் சரியான நிலையில் பிடித்து வைக்கும் தாங்கி) செய்யும் பிளாஸ்டிக் தட்டு 70 டிகிரித் தண்ணீரில் நன்றாகத்தான் இளகியது. துடைத்துப் பாட்டியின் கைக்குக் கொண்டுபோவதற்குள் விறைக்கத் தொடங்கிவிட்டது. இந்தக் குளிரில் ஜன்னலைச் சாத்திவிட்டு, உதவியாளர் முழங்கையைத் தாங்கிக் கையைச் சரியான நிலைக்குக் கொண்டுவந்த பிறகுதான் தட்டையே வெளியே எடுக்க வேண்டும். மணிக்கட்டு 20 டிகிரி மேல்நோக்கி, விரல்கள் லேசாக மடங்கி, நீளம் முன்கையில் மூன்றில் இரண்டு பங்கு.

உதவியாளர் தம்பியிடம் சொன்னது: அரை மணி போட்டுக் கழற்றணும், தோலைப் பார்க்கணும். சிவப்பு 20 நிமிடத்தில் மறையலேன்னா மறுபடி போடாம என்னைக் கூப்பிடணும். வாரைத் தளர்த்தலாம், கோணத்தைத் தொடக் கூடாது.

ஜனவரி 6
"சிவப்பு இல்லைங்க மேடம்."

ஜனவரி 8
சிவப்பு இல்லை.

ஜனவரி 10, சனி
இன்றைக்கும் அதே இரண்டு சொல். பாட்டியின் சுண்டுவிரல் பக்கத்து மணிக்கட்டு எலும்பு நன்றாகத் துருத்திக்கொண்டிருக்கும். அங்கே ஒன்றுமே இல்லை என்றால் நம்ப முடியவில்லை. திங்கள் போயே ஆக வேண்டும்.

ஜனவரி 12, திங்கள்
பாட்டியின் லயன் வீடு (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடு). வாசலில் வெளிச்சத்துக்குக் கொண்டுவந்து பார்த்தேன். உண்மைதான், சிவப்பு இல்லை. கறுத்த தோலில் சிவப்பு எங்கே தெரியும்? எலும்பு மேல் மற்ற இடத்தைவிட ஒரு நிறம் கூடுதலாகக் கறுத்து, தொட்டால் சூடு, அழுத்தினால் கெட்டி. தம்பி கேட்டதை அப்படியே பார்த்து அப்படியே எழுதியிருக்கிறார். கேள்விதான் தப்பு.

உள்ளே ஒரு பஞ்சுத் துண்டு வேறு.
"வலிக்குதுன்னாங்க மேடம், அதான் வச்சேன்."
எல்லாருக்கும் தோன்றுகிற யோசனைதான். ஆனால் அச்சு எடுத்தபிறகு வைக்கும் பஞ்சு இருக்கிற இடத்தையும் அடைத்துக்கொண்டு அதே எலும்பைத்தான் இன்னும் அழுத்தும். வைப்பதானால் முதலில் எலும்பின் மேல் பஞ்சு, அதன் மேல் தட்டு. இன்று எலும்பின் மேல் லிப்ஸ்டிக் தடவி, ஸ்பிளிண்டைப் போட்டு எடுத்தோம். கறை ஒட்டிய இடத்தை மட்டும் ஹீட் கன்னால் இளக்கி வெளிப்பக்கம் குமிழ் தள்ளியாயிற்று. கறை வைத்தது தம்பி, தள்ளியது நான். சூடும் கெட்டியும் போகும்வரை கைக்கு ஓய்வு.

ஜனவரி 13
தம்பி நிரப்பும் படிவத்தில் "சிவப்பு உண்டா" என்ற கேள்வியை அடித்து நீக்கியாயிற்று. பதிலுக்கு: புறங்கையால் தொட்டால் சூடா? கெட்டியா, கொழகொழப்பா? மறு கையோடு ஒப்பிட்டால் நிறம்? வலி எந்த இடம், விரலால் காட்டச் சொல்லவும். "இல்லை" மட்டும் எழுதினால் செல்லாது.

ஜனவரி 15
பொங்கல்.

ஜனவரி 16
ஸ்பிளிண்டைக் கழுவிக் குமுட்டி அடுப்புப் பக்கத்தில் காய வைத்திருக்கிறார்கள். கட்டைவிரல் பகுதி தட்டையாகிவிட்டது. வெந்நீரில் கழுவாதீங்க என்று சொன்னோம், அடுப்பைச் சொல்லவில்லை. மலையில் அதைத்தானே முதலில் சொல்லியிருக்க வேண்டும்!

ஜனவரி 19, திங்கள்
புதுப் படிவத்தில் முதல் குறிப்பு: "எலும்பு மேல் சூடு இல்லை. மறு கை மாதிரியே மெத்துன்னு இருக்கு." நான்கு தடவை படித்தேன்.

கீழே, கேட்காத ஒரு வரி: "உட்காரும்போது தோள்பட்டைக்குக் கீழே ஒரு விரல் போற பள்ளம் தெரியுது மேடம்."

தோள் மூட்டு கீழே நழுவுகிறதோ! உடனே கூப்பிட்டேன். கையைப் பிடித்து இழுத்து எழுப்ப வேண்டாம், மருமகளிடமும் சொல்லுங்க. உட்காரும்போது முழங்கைக்குக் கீழே தலையணை. கையைக் கழுத்தில் தொங்கவிடும் தூளி ஏதும் கட்ட வேண்டாம், நான் பார்க்கிறவரை. திருப்பிச் சொல்லச் சொன்னேன், தலையணையை விட்டுவிட்டார். மறுபடி சொன்னேன். நாளை முதல் பஸ்.