கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் ஆக: படிப்பை விட பேப்பர்தான் பாடு

இந்திய மறுவாழ்வு கவுன்சில், அதாவது ஆர்சிஐ, கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட்டுக்குத் தரும் பதிவெண் ஒருவழியாகக் கைக்கு வந்துவிட்டது. நிம்மதிதான், ஆனால் எரிச்சல் இன்னும் அடங்கவில்லை. நுழைவுத்தேர்வோ வைவா என்ற வாய்மொழித் தேர்வோ இந்தப் பாடு படுத்தவில்லை. படுத்தியதெல்லாம் கவுண்டருக்கு அந்தப் பக்கம் இருந்தவர்களும் அவர்கள் கேட்ட காகிதங்களும்தான். எங்கள் ராமநாதபுரம் மாவட்டத்தில் கீழக்கரை, தொண்டி, மண்டபம் பக்கமிருந்து இதே வழியில் கிளம்பப் போகிறவர்களுக்காக, கால் இடறும் இடங்களை மட்டும் எழுதுகிறேன். கவுன்சலர் யார், சைக்கியாட்ரிஸ்ட் யார் என்பதிலிருந்து ஆரம்பிக்கப் போவதில்லை.

பஸ் ஸ்டாண்ட் சுவரில் ஒட்டியிருக்கும் 'ஆறு மாத டிப்ளமோ, முடித்தவுடன் சைக்காலஜிஸ்ட்' நோட்டீஸை முதலில் மறந்துவிடுங்கள். 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம் யாரை கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்று சொல்கிறதோ அவர்தான் கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட். ஆர்சிஐ அங்கீகரித்த நிறுவனத்தில், எம்.எஸ்சி.க்குப் பிறகு படிக்கும் இரண்டு வருட கிளினிக்கல் சைக்காலஜி எம்.ஃபில் போன்ற படிப்பை முடித்திருக்க வேண்டும். அதோடு, 1992 ஆர்சிஐ சட்டத்தின் 13-ஆவது பிரிவுப்படி பதிவு இல்லாமல் தொழில் செய்தால் ஓராண்டு வரை சிறை, அல்லது ஆயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். ஆயிரம் ரூபாய்தானே என்று சிரிப்பவர்கள் உண்டு. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் சங்கிலியோடு தீயில் கருகிச் செத்தவர்களை வைத்திருந்த இடத்துக்கும் 'மனநலக் காப்பகம்' என்றுதான் பெயர். நம் மாவட்டத்துக்காரர்கள் இந்த விஷயத்தில் அலட்சியமாக இருக்கக் கூடாது.

அடுத்தது எம்.எஸ்சி. அஞ்சல் வழியில் சைக்காலஜி படித்தவர்கள் இந்தக் கடற்கரையில் ஏராளம். பக்கத்தில் ரெகுலர் கல்லூரி கிடையாது, பெண் பிள்ளையை மதுரைக்கும் திருச்சிக்கும் அனுப்ப வீட்டில் யோசிப்பார்கள், வேறென்ன செய்வது? ஆனால் எம்.ஃபில் சேர்க்கை விவரக் குறிப்புகள் பலவற்றில் 'ரெகுலர்' என்ற ஒரு சொல் ஓரமாக உட்கார்ந்திருக்கும். 55 சதவீதம் மதிப்பெண் என்பது கொட்டை எழுத்தில் இருக்கும், இது இருக்காது. விண்ணப்பக் கட்டணம் வாங்கும்போது யாரும் சொல்ல மாட்டார்கள். சான்றிதழ் சரிபார்ப்பு மேஜையில்தான் சொல்வார்கள். இப்போது 2025 ஜூலை-ஆகஸ்ட் சேர்க்கையிலிருந்து சைக்காலஜியைத் தொலைநிலையிலோ ஆன்லைனிலோ நடத்தக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழுவே (யுஜிசி) சொல்லிவிட்டது. 'எங்களுக்கு ஸ்பெஷல் அனுமதி இருக்கிறது' என்று எந்த ஸ்டடி சென்டர் சொன்னாலும் பணம் கட்டாதீர்கள்.

நான் அதிகம் கொதித்தது கல்லூரி அங்கீகார விஷயத்தில். ஒரு தனியார் நிறுவனத்தின் சேர்க்கைப் பிரிவில் ஆர்சிஐ அனுமதிக் கடிதத்தைக் காட்டச் சொன்னேன். "வெப்சைட்ல இருக்கு, பாத்துக்கங்க" என்றார் கிளார்க். வெப்சைட்டில் இருந்தது பழைய கடிதம், அதில் போட்டிருந்த கல்வியாண்டு முடிந்துபோயிருந்தது. புதுப்பிக்க விண்ணப்பித்திருக்கிறார்களாம், வந்துவிடுமாம், அதற்குள் முதல் தவணை கட்டச் சொன்னார். தனியாரில் கட்டணம் லட்சக்கணக்கில் போகும். வராவிட்டால் என்ன செய்வது என்றதற்கு, "இதுவரைக்கும் யாரும் இப்படிக் கேட்டதில்லம்மா" என்று பதில். கேட்க வேண்டும். அனுமதிக் கடிதத்தில் பார்க்க வேண்டியவை இரண்டு: நீங்கள் சேரும் கல்வியாண்டு அதில் அடங்குகிறதா, எத்தனை இடம் என்று போட்டிருக்கிறது. எட்டு இடத்துக்கு அனுமதி வாங்கிப் பத்துப் பேரைச் சேர்த்தால், கூடுதல் இரண்டு பேருக்குப் பதிவு கிடைக்காது. பட்டம் இருக்கும், பதிவெண் இருக்காது. ஆர்சிஐ தளத்தில் இருக்கும் நிறுவனப் பட்டியலைத் தேதியோடு ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அரசு நிறுவனங்களில் இந்த வம்பு குறைவு. பெங்களூரு நிம்ஹான்ஸ் போன்ற இடங்களில் உதவித்தொகையும் உண்டு. போட்டிதான் கழுத்தை நெரிக்கும்.

எம்.ஃபில்லே முடியப் போகிற கதை என்பதையும் சொல்லிவிட வேண்டும். யுஜிசி 2022-இல் எம்.ஃபில்லை நிறுத்தியது. கிளினிக்கல் சைக்காலஜிக்கும் சைக்கியாட்ரிக் சோஷியல் ஒர்க்குக்கும் மட்டும் 2025-26 சேர்க்கை வரை விலக்கு தந்தது. இனி ஆர்சிஐ கொண்டுவந்திருக்கும் எம்.ஏ. கிளினிக்கல் சைக்காலஜி, சை.டி. (சைக்காலஜி முனைவர் பட்டம்) பக்கம் பார்க்க வேண்டியிருக்கும். பெயர் மாறினாலும் நாம் சரிபார்க்க வேண்டியது அதேதான். சாதாரண எம்.ஏ. சைக்காலஜிக்கு 'கிளினிக்கல்' என்று வாலை ஒட்டி விற்பவர்கள் கட்டாயம் வருவார்கள். அனுமதிக் கடிதத்தைக் கேளுங்கள்.

மத்திய அரசு நிறுவனத்துக்கு விண்ணப்பிக்கும் பிசி, எம்பிசி பிள்ளைகள் கவனிக்க: நம் சாதிச் சான்றிதழ் அங்கே செல்லாது. மத்திய அரசு படிவத்தில், கிரீமி லேயர் (வசதி படைத்த பிரிவு) இல்லை என்று குறிப்பிட்ட ஓபிசி சான்றிதழ் தனியாக வாங்க வேண்டும். இ-சேவை மையத்தில் இரண்டும் வேறு வேறு சேவை. கம்ப்யூட்டர் முன்னால் இருப்பவர் பழக்கத்தில் சாதிச் சான்றிதழையே மறுபடி போட்டுவிடுவார். எனக்குப் போட்டார். வி.ஏ.ஓ., ஆர்.ஐ., வட்டாட்சியர் என்று மேலே ஏறி, கையெழுத்தாகி வந்த பிறகுதான் தெரிந்தது. கீழக்கரை, தொண்டிப் பக்கத்து முஸ்லிம்களுக்கு இன்னொரு சிக்கல்: மாநிலத்தில் பிசிஎம் (பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்) என்பதால் ஓபிசி கிடையாது என்று சில ஊழியர்களே சொல்வார்கள். மத்தியப் பட்டியலில் லெப்பை என்ற பெயருக்குள் ராவுத்தரும் மரைக்காயரும் வருகிறார்கள். பட்டியலை அச்செடுத்துக் கையோடு கொண்டுபோனால் வாக்குவாதம் இரண்டு நிமிடத்தில் முடியும். நிதியாண்டையும் பாருங்கள். மார்ச்சில் வாங்கியதை ஜூலையில் நீட்டினால் புதிது கேட்பார்கள்.

இனி பெயர். வடக்கே செய்த போர்ட்டல்களுக்கு இனிஷியல் புரியாது. 'சர்நேம்' கட்டாயம் என்று சிவப்பில் நிற்கும். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் இனிஷியல், ஆதாரில் அப்பா பெயர் முழுசாக, டிகிரியில் இனிஷியல் பெயருக்குப் பின்னால் என்று மூன்று விதமாக இருந்தால் மூன்று பேராகத்தான் பார்ப்பார்கள். முகமது என்ற பெயரை ஆங்கிலத்தில் ஒரு எம்மோடு ஒரு சான்றிதழிலும் இரண்டு எம்மோடு இன்னொன்றிலும் வைத்திருப்பவர்கள் நம் பக்கம் வீட்டுக்கு ஒருவர். பத்தாம் வகுப்புச் சான்றிதழை மூலமாக வைத்து, ஆதாரை அதற்கேற்ப மாற்றுவதே சுலபம். டிகிரியில் பிழை என்றால் கான்வொகேஷன் சான்றிதழ் அச்சாவதற்கு முன்பே திருத்தச் சொல்லுங்கள். நோட்டரி அஃபிடவிட்டைச் சில இடங்களில் ஏற்பார்கள், சில இடங்களில் கெஜட்டில் வந்திருக்கிறதா என்பார்கள்.

வேறு பல்கலைக்கழகத்தில் சேரக் கேட்கும் மைக்ரேஷன் சான்றிதழ் இன்னொரு தலைவலி. டி.சி. கல்லூரியில், மைக்ரேஷன் பல்கலைக்கழகத்தில். சேர்ந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விடாதீர்கள். வேறு மாநிலத்துக்குப் போய்விட்டால், ஒரு செலான் நகலுக்காக ராத்திரி ரயிலேற வேண்டிவரும். 2022 டிசம்பரில் பாம்பன் பழைய பாலத்தில் ரயிலை நிறுத்தியதிலிருந்து 2025 ஏப்ரலில் புதுப்பாலம் திறக்கும் வரை ராமேஸ்வரத்துப் பிள்ளைகள் மண்டபத்துக்கோ ராமநாதபுரத்துக்கோ பஸ் பிடித்துப் போய்த்தான் ரயில் ஏறினார்கள்.

படிப்பின் இரண்டு வருடம் கஷ்டம்தான், ஆனால் நேர்மையான கஷ்டம். அதில் ஒரே ஒரு எச்சரிக்கை, பார்த்த கேஸ்களைப் பதிந்து வைக்கும் லாக்புக். கேஸ் பார்த்த வாரமே சூப்பர்வைசரிடம் கையெழுத்து வாங்கிவிடுங்கள். எங்கள் சூப்பர்வைசர் நடுவில் வேலையை விட்டுப் போனார். அவர் பார்த்த கேஸ்களுக்குப் புதியவர் கையெழுத்திட மறுத்தார். அவர் சொன்னதும் நியாயம்தான், பார்க்காத கேஸுக்கு எப்படிப் போடுவார்?

ஏர்வாடிப் பக்கம் ஆய்வுக்கோ கேஸுக்கோ வருபவர்களுக்கு ஒன்று. அன்றாட வேலைகளை ஒருவர் எவ்வளவு தானாகச் செய்கிறார் என்று அளக்கும் வினலேண்ட் சமூக முதிர்ச்சி அளவுகோல் போன்றவை நோயாளியைக் கேட்டு நிரப்புவதல்ல. கூட வாழ்ந்தவர் சொல்ல வேண்டும்: எப்போது தானாகச் சாப்பிட்டான், எப்போது சட்டைப் பொத்தான் போட்டான், கடைக்கு அனுப்பினால் சில்லறை சரியாக வாங்கி வருவானா. இல்லத்தில் பார்த்துக்கொள்பவருக்குச் சேர்த்த நாளிலிருந்துதான் தெரியும். பெற்றவள் கேரளத்தில் இருப்பாள், தமிழ் தெரியாது. அங்கே போய்க் கட்டத்தை ஊகத்தில் நிரப்பாதீர்கள். தகவல் தந்தவர் யார், எவ்வளவு காலப் பழக்கம் என்று எழுதிவிட்டு, தாயிடம் போனில் பேச மலையாளம் தெரிந்தவரை ஏற்பாடு செய்யுங்கள். வைவாவில் எக்ஸ்டெர்னல், அதாவது வெளியிலிருந்து வந்த தேர்வாளர், முதலில் கேட்டது இதைத்தான். மதிப்பெண்ணும் அதற்குத்தான் விழுந்தது என்று நினைக்கிறேன்.

கடைசிப் படி சிஆர்ஆர், அதாவது ஆர்சிஐயின் மத்திய மறுவாழ்வுப் பதிவேட்டில் பெயர் சேர்த்துப் பதிவெண் வாங்குவது. ஆன்லைன் விண்ணப்பம்தான். பிரவுசிங் சென்டரில் போடுவதானாலும் மொபைல் எண்ணும் மெயிலும் உங்களுடையதாக இருக்கட்டும். கடைக்காரர் எண்ணைக் கொடுத்துவிட்டு ஓடிபிக்காக அவர் பின்னால் அலைந்தவர்களைத் தெரியும். ஸ்கேன் மங்கலாக இருந்தாலே குறை சொல்லித் திருப்புவார்கள். மதிப்பெண் பட்டியலின் பின்பக்கத்தையும் சேர்த்து ஸ்கேன் செய்யுங்கள். விண்ணப்பம் நிலுவையில் இருக்கும்போது வேலைக்குப் போனால் ஒப்புகைச் சீட்டை மதிக்க மாட்டார்கள். ஓர் ஒப்பந்தப் பணி நேர்காணலில் "நம்பர் வந்ததும் வாங்க" என்று எழுப்பிவிட்டார்கள். நம்பர் வந்தபோது பணியிடம் நிரம்பியிருந்தது. ஆகவே ரிசல்ட் வந்த கையோடு விண்ணப்பித்துவிடுங்கள்.

பதிவு ஐந்து வருடத்துக்குத்தான். புதுப்பிக்க சிஆர்இ (தொடர் மறுவாழ்வுக் கல்வி) புள்ளிகள் வேண்டும். ஆர்சிஐ அனுமதித்த நிகழ்ச்சிதானா என்று பார்த்துவிட்டுக் கட்டணம் கட்டுங்கள். 'சர்வதேச வெபினார்' சான்றிதழ் எத்தனை அடுக்கினாலும் புள்ளி ஏறாது.