37ஆவது நிமிடம்

பேட்டியின்போது அழக் கூடாது என்று எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. நானாக விதித்துக்கொண்டதுதான்.

2015இல் முனைவர் பட்ட ஆய்வுக்காக நாகப்பட்டினத்தை அடுத்த அக்கரைப்பேட்டைக்குப் போய்வந்துகொண்டிருந்தேன். 2004 டிசம்பர் 26 சுனாமியில் இந்த ஒரு மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். குடும்பக் கட்டுப்பாடு செய்துகொண்டபின் பிள்ளைகளைக் கடலுக்குக் கொடுத்த தாய்மார்கள் கருக்குழாயை மீண்டும் இணைத்துக்கொள்ள அரசு பண உதவி அறிவித்தது. அப்படி மறுபடி பிள்ளை பெற்றவர்களிடம் பேசுவதுதான் என் வேலை.

சுனாமி குடியிருப்பில் ஓர் அக்கா. மீன் விற்று வந்தவர், அன்னக்கூடையைக் கவிழ்த்துவைத்துவிட்டு உட்கார்ந்தார். மகனைக் கூப்பிட்டு எனக்குத் தண்ணீர் கொடுக்கச் சொன்னார். அவன் விளையாட ஓடியபின், "செத்துப்போனவன் பெயரைத்தான் இவனுக்கும் வைத்தோம். திட்டும்போது மட்டும் அந்தப் பெயரைச் சொல்ல மாட்டேன்" என்றார்.

எனக்குக் கண்ணீர் வரவில்லை. பஸ்ஸில் திரும்பும்போது அதில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

இரண்டு வாரம் கழித்து, விடுதி அறையில் ஒலிப்பதிவைக் கேட்டு எழுதும்போது மாட்டிக்கொண்டேன். 37ஆவது நிமிடம். அக்கா அதைச் சொல்லி முடித்து ஒரு நொடிகூட ஆகவில்லை, என் குரல் வந்துவிடுகிறது: "சரிக்கா, அறுவைசிகிச்சைக்கு எந்த ஊருக்குப் போனீர்கள்?" என் கேள்விக்கு அடியில் "அவன்..." என்று ஒரு சொல் கிடக்கிறது. திரும்பத் திரும்ப ஓட்டிக் கேட்டேன். அதற்குமேல் ஒன்றும் இல்லை. அக்கா ஊர்ப் பெயரைச் சொல்கிறார்.

என் தொண்டை அடைக்காமல் இருக்க, அவர் வாயை அடைத்திருக்கிறேன். விமானப் பணிப்பெண்களின் சிரிப்பை வைத்து சமூகவியலாளர் ஆர்லி ஹாக்ஷீல்ட் 1983இல் விளக்கிய 'உணர்ச்சி உழைப்பு' (வேலைக்காக உள்ளே இருப்பதை அடக்கி, வேண்டியதை முகத்தில் காட்டுவது) பற்றித் தேர்வில் பக்கம் பக்கமாக எழுதி மதிப்பெண் வாங்கியவள் நான்!

அதன்பின் ஒரு நாளைக்கு ஒரு பேட்டிதான். நோட்டில் இடப்பக்கம் அவர்கள் சொன்னது, வலப்பக்கம் எனக்கு நேர்ந்தது. தொண்டை அடைத்தால் தண்ணீர் குடிப்பேன். கேள்வி கேட்க மாட்டேன். இரண்டொரு முறை அழுதும் இருக்கிறேன். பேட்டி ஒன்றும் கெட்டுப்போகவில்லை.

அடுத்த மாதம் அந்த அக்காவிடம் மறுபடி போனேன். "அன்றைக்கு ஏதோ சொல்ல வந்தீர்கள், நான் குறுக்கே பேசிவிட்டேன்."

"அப்படியா? நினைவில்லையே, பாப்பா" என்றவர், அரிவாள்மணையை இழுத்துப்போட்டு மீன் ஆய உட்கார்ந்துவிட்டார்.

ஆய்வேட்டில் அந்த இடத்தில் மூன்று புள்ளிகள் இருக்கின்றன.