ஊசி மீற்றர் காட்டிக் கொடுத்த பழுது

ஒட்டுசுட்டானில் வெளிக்கிட்டு மாங்குளம் வரைக்கும் காரின் பழுது ஒன்றும் தெரியாது. மாங்குளம் சந்தியில் ஏ9 வீதியில் ஏறி, நாலாம் கியர் போட்டு, அக்சிலேற்றரில் காலை ஒரே அளவில் வைத்து 55, 60 இல் ஓடத் தொடங்கினால்தான் வரும். ஒரு வெட்டு, கார் நின்றுவிடும் போல ஒரு கணம், உடனே திரும்ப ஒரு உதறல். முன் சீற்றில் கிளினிக் கொப்பியையும் தண்ணீர்ப் போத்தலையும் மடியில் வைத்திருக்கும் அம்மாவின் தலை முன்னுக்குப் போய் வரும். கனகராயன்குளம் தாண்டுவதற்குள் பத்துத் தரமாவது அப்படி நடக்கும். காலை இன்னும் அமத்தினால் நன்றாக இழுக்கும், காலை எடுத்தாலும் ஒன்றுமில்லை, அந்த ஒரு அளவில் மட்டும்தான் வெட்டும். இதை நான் முதல் நாளே கவனித்தேன். ஆனால் அதற்கு என்ன அர்த்தம் என்று விளங்க இரண்டு மாதம் போனது.

கார் 1997 ஆம் ஆண்டு ரொயோற்றா கொறோலா 110. 5ஏ எஞ்சின், மனுவல் கியர், அக்சிலேற்றருக்குக் கேபிள். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள், 2025 இல் திறந்து விட்டார்கள், ஆனால் திறந்த பிறகு இருக்கும் விலைக்கு நாங்கள் கிட்டப் போகவே முடியாது. அம்மாவை மாதம் ஒரு தரம் வவுனியா ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக எங்களுக்கு இருப்பது இந்தக் கார்தான், அதனால் அதைக் கைவிட மனமில்லை.

முதலில் பெற்றோலைத்தான் சந்தேகப்பட்டேன். இங்கே யாரைக் கேட்டாலும் அதைத்தான் சொல்வார்கள், தண்ணி கலந்திருக்கும், பில்ரரை மாத்து என்று. பில்ரர் மாற்றினேன். பிளக் நாலும் மாற்றினேன். வெட்டு அப்படியே இருந்தது. கிளிநொச்சியில் ஒரு கராஜுக்குக் கொண்டுபோனேன். பொனெற்றைத் திறந்து, பழுது பார்ப்பதற்கென்று இருக்கும் சின்னக் கறுப்புப் பெட்டிக்குள் ரீஈ1, ஈ1 என்ற இரண்டு துளையையும் ஒரு வயர்த் துண்டால் இணைத்து, சாவியைப் போட்டுப் பார்த்தார்கள். மீற்றர் போட்டில் செக் எஞ்சின் லைற் ஒரே சீராக மின்னிக்கொண்டே இருந்தது. கோட், அதாவது கம்பியூட்டர் பதிந்து வைக்கும் பழுது இலக்கம், ஒன்றும் இல்லை என்று அர்த்தம். "சென்சர் எல்லாம் ஓகே, பம்புதான் வீக்" என்றார்கள். பம்பும் மாற்றினோம். திரும்பி வரும்போது முறிகண்டியில் இறங்கித் தேங்காய் உடைத்து, கச்சானும் வாங்கிக்கொண்டுதான் காரை எடுத்தேன். ஏறி ஐந்து நிமிடத்தில் வெட்டியது. பிழையான சாமான் மூன்றுக்குக் கொடுத்த காசில் அம்மாவுக்கு எத்தனை மாத மருந்து வாங்கியிருக்கலாம் என்று வீடு வரைக்கும் கணக்குப் போட்டுக்கொண்டு வந்தேன்.

பழுதைக் கண்டுபிடித்தது மாமா, அம்மாவின் தம்பி. அவர் கார் மெக்கானிக் இல்லை, ரேடியோ திருத்துகிறவர். கரண்ட் இல்லாத காலத்தில் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து டைனமோவைச் சுற்றி ரேடியோ கேட்ட ஊர் இது, அந்த ரேடியோக்களில் பாதி அவர் கையால் உயிர் பெற்றவை. நான் வெட்டுகிற விதத்தைச் சொன்னேன். ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"வேகத்திலயா மருமகன் வெட்டுது, இல்லாட்டி காலின்ர அளவிலயா?"

யோசித்தேன். மூன்றாம் கியரில் 40 இல் போகும்போதும் அதே அளவு காலை வைத்தால் வெட்டும். வேகத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, காலின் அளவுதான். "அப்ப அது ரேடியோ வொலியும் மாதிரிதான்" என்றார். பழைய ரேடியோவில் வொலியும் குமிழைத் திருப்பும்போது ஒரு இடத்தில் மட்டும் கரகர என்று சத்தம் அறுந்து வரும் இல்லையா, உள்ளே கரித்தடம் தேய்ந்திருப்பதால் வருவது. திரொட்டில் என்பது எஞ்சினுக்குள் காற்றை விடும் தட்டு, அது எவ்வளவு திறந்திருக்கிறது என்று சொல்லும் திரொட்டில் பொசிஷன் சென்சரும் உள்ளே அதே வேலைதான். வட்டமான கரித்தடம் ஒன்று, அதன்மேல் உரசிக்கொண்டு போகும் ஒரு சின்ன உலோகக் கை. எஞ்சின் கம்பியூட்டர் ஒரு பக்கத்தால் 5 வோல்ற் கொடுக்கும், காலை அமத்த அமத்த நடு வயரில் வோல்ற் ஏறும். அந்த வோல்ற்றைப் பார்த்துத்தான் கால் எங்கே நிற்கிறது என்று கம்பியூட்டர் அறிந்துகொள்ளும். நான் எந்நேரமும் ஓடுவது அதே 55, 60 இல் என்பதால் கை நிற்பதும் தடத்தின் அதே இடத்தில்தான், தேய்ந்ததும் அங்கேதான்.

அப்படியென்றால் கராஜில் கோட் ஏன் வரவில்லை என்று கேட்டேன். சாவியைப் போட்டபடி மாமா சென்சரின் கனெக்ரரைக் கழற்றினார். வயர்த் துண்டைப் போட்டுப் பார்த்தால் நாலு மின்னல், சின்ன இடைவெளி, பிறகு ஒன்று. 41. இந்தக் கார்களில் திரொட்டில் சென்சருக்கான கோட் அதுதான். வயர் முழுதாக அறுந்தாலோ ஷோட் ஆனாலோ, அதுவும் கொஞ்ச நேரம் தொடர்ந்து அப்படி இருந்தால்தான் 41 பதியும். எங்கள் காரில் அறுவது கண் இமைக்கிற நேரம், அதற்குள் திரும்ப வந்துவிடும். கம்பியூட்டர் அதைப் பழுதாக எடுக்காது, நீ காலைச் சட்டென்று எடுத்து வைத்தாய் என்றுதான் எடுக்கும். உடனே பெற்றோலைக் குறைக்கும், அடுத்த கணம் கூட்டிக் கொடுக்கும். வெட்டும் உதறலும் அதனால்தான். லைற் பற்றவில்லை, ஆகவே சென்சர் நல்லது என்று முடிவெடுத்தது எங்கள் பிழை.

கனெக்ரரைத் திரும்பப் போட்டு, எஞ்சின் கம்பியூட்டருக்கான ஈ.எஃப்.ஐ. பியூசைக் கழற்றிக் கோட்டை அழித்துவிட்டு, வோல்ற் அளக்கும் மீற்றரை எடுத்தார். என்னிடம் இருந்த டிஜிற்றல் மீற்றரை முதலில் பிடித்துப் பார்த்தோம். சாவி போட்டு, எஞ்சினை ஸ்ராட் பண்ணாமல், கனெக்ரரின் பின்பக்கத்தால் குண்டூசி ஏற்றி. ஓர வயரில் 5 வோல்ற் சரியாக வருகிறது. ஏர்த் வயருக்கும் பற்றரி மைனசுக்கும் இடையில் கிட்டத்தட்டப் பூச்சியம், அதுவும் சரி. வயரைப் பிடித்து ஆட்டிப் பார்த்தார், எலி கடித்திருக்கிறதா என்று தடவிப் பார்த்தார், இல்லை. நடு வயரில் கால் வைக்காமல் 0.5, முழுக்க அமத்தினால் 4 க்குக் கொஞ்சம் மேலே. எல்லாமே நல்ல கணக்கு. நான் சோர்ந்து போனேன்.

அப்போதுதான் அவர் தன் பழைய சன்வா ஊசி மீற்றரை வைத்தார். டிஜிற்றல் மீற்றர் ஒரு செக்கனில் இரண்டு மூன்று தரம்தான் இலக்கத்தை மாற்றும், நடுவில் அறுந்தது அதற்குத் தெரியாது, ஊசிக்குத் தெரியும் என்றார். என் மனிசியைக் காருக்குள் இருத்தி, "மெதுவா அமத்து பிள்ளை, இருபது எண்ணி முடியேக்க கால் அடியில நிக்கவேணும்" என்றார். அவள் சத்தமாக எண்ணினாள். நாங்கள் இரண்டு பேரும் பொனெற்றுக்குள் தலையை விட்டபடி ஊசியைப் பார்த்தோம். ஒன்று, இரண்டு, மூன்று, ஊசி ஒழுங்காக ஏறுகிறது. நாலு, ஐந்து. ஐந்துக்கும் ஆறுக்கும் இடையில் ஊசி துடித்துப் பூச்சியத்துக்குப் பக்கத்தில் விழுந்து எழும்பியது. அதன்பிறகு இருபது வரைக்கும் ஒரு அசைவில்லை. திரும்ப எண்ணச் சொன்னார், அதே இடம். மூன்றாம் தரமும் அதே இடம்தான். காரை ஒரு சுற்று ஓட்டிச் சூடாக்கிக்கொண்டு வந்து பார்த்தோம், துடிப்பு இன்னும் கூடியிருந்தது. இரண்டு மாதம் என்னை அலைக்கழித்த சாமானைக் கண்ணால் கண்ட அந்த நேரம் எனக்கு வந்த ஆறுதலை எழுதத் தெரியவில்லை.

மாமாவின் அப்பு, யுத்த நேரம் பெற்றோல் வராத தடைக்காலத்தில் பழைய ஒஸ்ரின் ஏ40 காரை மண்ணெண்ணெயில் ஓடினவர். கொஞ்சம் பெற்றோல் ஊற்றி ஸ்ராட் பண்ணி, சூடேறினதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். எஞ்சின் சத்தத்தை வைத்தே அப்பு பழுதைச் சொல்லுவார், இப்ப அந்தச் சத்தம் வோல்ற்றுக்குள்ள இருக்கு, கேட்கிற விதம்தான் வேற என்று மாமா சொன்னது மனதில் நிற்கிறது.

சாமான் கொழும்பில் பழைய கார்ச் சாமான் விற்கும் பஞ்சிகாவத்தையில் கழற்றினதுதான் கிடைத்தது. தம்பியிடம் சொல்லி இரண்டு வாங்கி இரவு பஸ்ஸில் போட்டுவிடச் சொன்னோம். இரண்டையும் பூட்டுவதற்கு முன்னர் மேசையில் வைத்து, மீற்றரை ஓமில் போட்டு, கையால் மெதுவாகத் திருப்பிப் பார்த்தார் மாமா. ஒன்றில் எங்களுடையது மாதிரியே ஊசி விழுந்தது. மற்றது சுத்தம். ஒன்று மட்டும் வாங்கி, பார்க்காமல் பூட்டியிருந்தால் திரும்பவும் பம்பைத்தான் குறை சொல்லியிருப்போம்.

பூட்டுவது பெரிய வேலையில்லை, இரண்டு ஸ்க்ரூதான். ஆனால் ஸ்க்ரூ ஓட்டை நீளவாட்டில் இருக்கும், சென்சரைக் கொஞ்சம் அப்படி இப்படித் திருப்பலாம். அதனால் பழையதைக் கழற்ற முன்னர் அது நின்ற இடத்தை ஆணியால் கீறி அடையாளம் வைக்க வேண்டும். புதியதை அந்தக் கீற்றில் வைத்து, சாவி போட்டு, கால் வைக்காமல் அதே 0.5 வரும் வரைக்கும் திருப்பி, பிறகுதான் ஸ்க்ரூவை இறுக்கினோம். வோல்ற் அதைவிடக் கூடி நின்றால் ஸ்லோ, அதாவது கால் வைக்காத நேரத்து எஞ்சின் ஓட்டம், ஒழுங்காக நிற்காது. அதோடு திரொட்டிலுக்குள் படிந்திருந்த கரியையும் கிளீனர் அடித்துத் துடைத்தோம். கிரவல் ரோட்டுப் புழுதி எவ்வளவு உள்ளே போயிருந்தது என்று துணியைப் பார்த்தால் தெரிந்தது, செம்மண் நிறத்தில்.

போன கிளினிக்குக்குப் போகும்போது கனகராயன்குளம், புளியங்குளம், ஓமந்தை எல்லாம் தாண்டிவிட்டோம். 60 இல் காலை அசைக்காமல் பிடித்துக்கொண்டு நான் காத்திருந்தேன், வரவில்லை. அம்மா போத்தலை மடியில் இருந்து எடுத்துக் காலடியில் வைத்துவிட்டு நித்திரையாகிப் போனார்.