கைமுறைச் சிகிச்சைப் பரீட்சை: யாழ்ப்பாணத்திலிருந்து எழுதப் போகிறவர்களுக்கு

பெறுபேறு வந்துவிட்டது. சித்தியடைந்துவிட்டேன். கை, கால் மூட்டு நோவுக்கான கைமுறைச் சிகிச்சைச் சான்றிதழ்ப் பரீட்சைக்கு அடுத்த முறை தோற்றப் போகும் இயன்மருத்துவர்கள் பலர் இங்கிருந்து தொடர்ந்து கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். எல்லாம் நினைவில் பசுமையாக இருக்கும்போதே எழுதிவிடுகிறேன். பரீட்சை அமைப்பும் பாடத்திட்டமும் உங்களுக்குத் தெரிந்தவை; அவற்றுக்குள் போகவில்லை.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நுட்பத்தைத் தொடங்குவதற்கு முன் நோயாளியின் ஓர் அசைவை அளந்து குறித்துக்கொள்ளுங்கள். நுட்பம் முடிந்த உடனேயே அதே அசைவை மறுபடியும் அளந்து பாருங்கள். மூட்டைச் சிறிதும் பெரிதுமான அலைவுகளாக அசைக்கும் மெயிட்லண்ட் முறையின் உயிர்நாடியே இதுதான். எல்லோருக்கும் தெரியும், வகுப்பில் முதல் நாளே சொல்லித் தருகிறார்கள். ஆனால் நிலையம் நிலையமாகச் செய்துகாட்டும் செய்முறைப் பரீட்சையான ஒஸ்கியில் மணி அடித்ததும் கை நேரே மூட்டுக்குத்தான் போகிறது. என்னோடு பரீட்சைக்கு வந்தவர்களில் மிக அழகான கை உள்ளவர்கள் புள்ளி இழந்தது இந்த இடத்தில்தான் என்று உறுதியாக நம்புகிறேன்.

எனக்கு வந்த நிலையம் பழைய சுளுக்குக்குப் பிறகு இறுகிப்போன கணுக்கால். வந்தவரைச் சுவருக்கு முன்னால் நிற்கவைத்தேன். குதி நிலத்தை விட்டு எழும்பாமல் முழங்கால் சுவரைத் தொட வேண்டும். பெருவிரல் நுனிக்கும் சுவருக்கும் இடையிலுள்ள தூரத்தை நாடாவால் அளந்து, நல்ல காலையும் அளந்து, இரண்டையும் சத்தமாகச் சொன்னேன். பிறகுதான் மலிகன் முறை, அதாவது நாங்கள் மூட்டை வழுக்கிப் பிடித்திருக்க நோயாளியே அசைப்பது. பாதத்தைத் தாழ்ந்த வாங்கில் வைக்கச் செய்து, பெல்ற்றைக் குதிநாணுக்குப் பின்னால் மடித்த துவாயின் மேல் சுற்றி என் இடுப்பால் முன்னே இழுத்தபடி, கையின் பெருவிரல் இடுக்கால் கணுக்காலின் டாலஸ் என்பைப் பின்னோக்கி அழுத்திப் பிடித்தேன். அவர் மெல்ல முன்னால் சாய்ந்தார். சாயச் சாயக் கணைக்காலின் சரிவு மாறும்; பெல்ற் அதற்குச் செங்குத்தாகவே இருக்க வேண்டும் என்பதால் என் இடுப்பும் கூடவே மாற வேண்டும். பரீட்சகர் குனிந்து பார்த்தது அந்த இடத்தைத்தான். முடிந்ததும் அவரை மறுபடி சுவரடிக்கு அழைத்துப் போய் அளந்தேன். அதுவரை எதுவும் எழுதாமல் இருந்த பரீட்சகர் அப்போதுதான் பேனாவை எடுத்தார்.

எதை அளப்பது என்பதை நோயாளியின் வாழ்க்கையிலிருந்து எடுங்கள். இதில் நாங்கள் கொடுத்து வைத்தவர்கள். வெங்காயத் தோட்டத்தில் நாள் முழுதும் குந்தியிருந்து களை பிடுங்குகிறவருக்கு, கட்டிலில் படுத்தபடி முழங்கால் எத்தனை பாகை மடிகிறது என்பது பாதிக் கதைதான், குந்தச் சொல்லுங்கள். குருநகரில் வலை இழுக்கிறவரின் தோளை இழுக்கும் கோணத்தில் பாருங்கள். இணுவிலிலிருந்து எங்கள் கிளினிக்குக்கு வந்த ஓர் அம்மா, நீரிழிவோடு தோள் இறுகியவர், "கொண்டை முடிய மகளைத்தான் கூப்பிட வேண்டியிருக்கிறது" என்றார். அவருக்கு அதுவே அளவுகோல். பிடரிக்குக் கை எட்டுகிறதா, எந்த இடத்தில் நோகிறது, பத்துக்கு எத்தனை நோவு என்று ஒவ்வொரு முறையும் அதையே பார்த்தேன். நோயாளி விவரப் பதிவுக்கு அவரைத்தான் எடுத்தேன். வைவாவில் (வாய்மொழிப் பரீட்சையில்) அதைப் பற்றி விரும்பிக் கேட்டார்கள்.

முழங்கை நோவுக்கு இன்னொரு வழி. பிடிவலிமை அளக்கும் கருவி இங்கே பல இடங்களில் இல்லை. இரத்த அழுத்தக் கருவியின் பட்டியைச் சுருட்டி 20 மி.மீ. பாதரசத்துக்குக் காற்றடித்து, நோவு தொடங்கும் வரை பிடிக்கச் சொல்லி அந்த எண்ணைக் குறியுங்கள். பக்க வழுக்கல் கொடுத்தபடி, அதாவது முன்கையை முழங்கையடியில் வெளிப்பக்கமாகத் தள்ளிப் பிடித்தபடி, மறுபடி பிடிக்கச் சொல்லுங்கள்.

இனி எழுத்துத் தாள். அதிகம் விளக்காமல் அடுக்கிவிடுகிறேன்.

– மூட்டை எவ்வளவு அசைக்கிறோம் என்பதன் படிநிலையே தரம். "தரம் 3" என்று மட்டும் எழுதாதீர்கள். மெயிட்லண்டின் 3 என்பது தடையைத் தொடும் பெரிய அலைவு. இன்னொரு முறையை வகுத்த கால்ட்டன்போர்னின் 3 என்பது தொய்வை எடுத்த பின் மூட்டுறையை நீட்டுவது. யாருடைய தரம் என்று எழுதுங்கள்.
– மெயிட்லண்ட் 1, 2 நோவுக்கு. 3, 4 இறுக்கத்துக்கு. செக்கனுக்கு இரண்டு மூன்று அலைவுகள்.
– ஓய்வுநிலைகளை (மூட்டுறை மிகத் தளர்வாக இருக்கும் நிலைகளை) பாடமாக்கத்தான் வேண்டும்: முழங்கால் 25 பாகை மடிப்பு, தோள் 55 பாகை விரிப்போடு 30 பாகை முன்கிடையாக.
– தோளின் மூட்டுறை ஒழுங்கு (மூட்டுறை இறுகும்போது அசைவுகள் குறையும் வரிசை): வெளிச்சுழற்சி அதிகம் குறையும், பிறகு விரிப்பு, பிறகு உட்சுழற்சி.
– சிகிச்சைத் தளம் (வழுக்கலின் திசையைக் காட்டும் கற்பனைத் தளம்) குழிந்த பரப்போடு போகும். கால்ட்டன்போர்ன் பகுதிக்கு இந்த ஒரு வரி இருந்தால் மீதியை வரைந்தே கண்டுபிடிக்கலாம்.
– பெருவிரல் அடிமூட்டு. சேண வடிவம். மடக்கல், நீட்டலுக்கு வழுக்கல் அதே திசை. விரித்தல், ஒடுக்கலுக்கு எதிர்த் திசை. இது எப்படியும் வரும்.

குவிந்த பரப்பு அசைந்தால் வழுக்கல் எதிர்த் திசை, குழிந்தது அசைந்தால் அதே திசை என்ற குவிவு–குழிவு விதியை வேதமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். விதிப்படி பார்த்தால் தோளின் வெளிச்சுழற்சிக்குப் புய என்பை முன்னோக்கி வழுக்க வேண்டும். ஆனால் இறுகிய தோள்களில் பின்னோக்கி வழுக்கியபோதுதான் வெளிச்சுழற்சி கூடுதலாகத் திரும்பியது என்று 2007இல் வெளியான ஆய்வொன்று காட்டியது. "நீங்கள் எந்தத் திசையில் செய்வீர்கள்?" என்று கேட்டால் இரண்டையும் சொல்லி, "இரண்டையும் செய்து அளந்து பார்த்து, எதில் அசைவு கூடுகிறதோ அதைத் தொடர்வேன்" என்று சொல்லுங்கள். மறுபடியும் அளவிடலுக்கே வந்துவிட்டேன்; வேறு வழியில்லை, அதுதான் உண்மை.

கை வைக்கக்கூடாத மூட்டுகளைப் பற்றிக் கேட்டால் தயங்கவே கூடாது. புதிய முறிவு, தொற்று, புற்றுநோய், சூடும் வீக்கமுமாக இருக்கும் மூட்டு, ஏற்கெனவே அளவுக்கு மீறித் தளர்ந்த மூட்டு, நீண்டகாலம் ஸ்டீரொயிட் எடுத்தவரின் எலும்பு. 2006இல் சிக்குன்குனியா இங்கே வீடுவீடாகப் புகுந்தது. அந்தக் காய்ச்சல் விட்ட பிறகும் மாதக்கணக்கில் வீங்கி நின்ற மணிக்கட்டுகளை இந்த ஊரில் மறந்தவர்கள் குறைவு. அப்படி வருகிறவரின் மூட்டு ஆறும் முன் தரம் 4 கொடுக்கத் துணிவது கொடுமை. முழங்கால் நோ என்று வந்தவரின் இடுப்பைப் பார்க்க வேண்டும், கை நோ என்று வந்தவரின் கழுத்தைப் பார்க்க வேண்டும். ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி நொந்தால் தொட முன்னர் வைத்தியரிடம் அனுப்ப வேண்டும். எங்களிடம் வருகிறவர்களில் பலர் முறிவு நெரிவு வைத்தியரிடம் புக்கை (மருந்துப் பற்று) கட்டிவிட்டுத்தான் வருகிறார்கள். அதற்காக அவர்களைக் கடிந்துகொள்ளாமல், படம் எடுத்தார்களா, யார் எப்படி இழுத்தார்கள் என்று கேட்டறிவதும் பரிசோதனையின் ஒரு பகுதிதான்.

பயிற்சி. பெரிய குழுவாகப் படிப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. பேச்சில் நேரம் போய்விடும், கை பழகாது. இரண்டு பேர் போதும். மூன்றாமவர் வேண்டுமென்றால் அவர் இந்தத் துறையே தெரியாதவராக, வயதானவராக, உண்மையில் இறுகிய மூட்டு உள்ளவராக இருக்கட்டும். எங்கள் வயதுக்காரரின் மூட்டு எல்லாப் பக்கமும் தாராளமாக வழுக்கும். தடை என்றால் என்னவென்று அது கைக்குச் சொல்லித் தராது. மலிகன் பெல்ற் வாங்கக் காசில்லையென்றால் பழைய வாகனத்தின் இருக்கைப் பட்டியைச் சப்பாத்து தைப்பவரிடம் கொடுத்துக் கொளுக்கியோடு தைத்து எடுங்கள், தாராளமாகத் தாங்கும். நகத்தை ஒட்ட வெட்டுங்கள். கட்டிலின் உயரத்தை முதலில் சரிசெய்யுங்கள்; இங்கே உயரம் மாற்ற முடியாத மரக் கட்டிலில் பழகியவர்களுக்கு அது நினைவுக்கே வருவதில்லை.

ஒரு மனக்குறையையும் சொல்லத்தான் வேண்டும். போரின் காயங்களோடும் உடலுழைப்போடும் வாழ்கிற மக்கள் நிறைந்த இடம் இது. மூட்டு நோவு இல்லாத வீடு இல்லை. ஆனாலும் இந்தப் பயிற்சிக்கு வார இறுதிதோறும் ஏறத்தாழ 400 கிலோமீற்றர் கடந்து கொழும்புக்குப் போக வேண்டியிருந்தது. சம்பளத்தில் கணிசமான பங்கு பஸ்ஸுக்கும் தங்குமிடத்துக்கும் போனது. கைக்குழந்தையோடு இருக்கும் பெண் இயன்மருத்துவர்கள் எத்தனை பேர் இதனாலேயே விண்ணப்பிக்காமல் விட்டிருப்பார்கள்! செய்முறை வகுப்புகளையாவது வடக்கில் நடத்தும்படி கேட்டு எழுதுங்கள். நானும் எழுதியிருக்கிறேன். நிறையப் பேர் கேட்டால்தான் நடக்கும்.

அது நடக்கும்வரை: இரவு பஸ்ஸில் போய் இறங்கி அப்படியே பரீட்சைக்குள் நுழையாதீர்கள். முதல் நாள் பகலிலேயே போய் வெள்ளவத்தையில் யாராவது உறவினர் வீட்டில் படுத்தெழும்புங்கள். உறக்கமில்லாத கை தடையை உணராது. மாதிரி நோயாளி சிங்களம் பேசுபவராக இருக்கலாம். "நோகிறதா", "மெதுவாகச் சாயுங்கள்", "நோ வந்தால் நிறுத்துங்கள்" ஆகிய மூன்றையும் சிங்களத்தில் சொல்லப் பழகிக்கொள்ளுங்கள். கோணமானி, அளவு நாடா, பெல்ற், சிறிய துவாய், அடையாள அட்டை. பதிவேட்டில் மேற்பார்வையாளரின் கையொப்பத்தைக் கடைசி வாரத்துக்கு விடாதீர்கள். அவர் விடுமுறையில் போய்விட்டால் உங்களை மண்டபத்துக்குள்ளேயே விடமாட்டார்கள்.