டகானக் அருவி: தண்ணீர் பார்த்துப் போங்கள்

நியூயார்க் மாநிலத்தில், இத்தாக்கா ஊரிலிருந்து கயூகா ஏரியின் மேற்குக் கரையோரமாக 89ஆம் எண் சாலையில் வடக்கே இருபது நிமிடம் போனால் டகானக் அருவிப் பூங்கா வந்துவிடும். 215 அடி, ஒரே வீழ்ச்சி. நயாகராவைவிட உயரம்தான். ஆனால் நயாகராவுக்குத் தண்ணீர் கொடுக்க ஈரி ஏரி இருக்கிறது; இதற்கு ஓர் ஓடைதான். மழை குறைந்த ஆகஸ்டில் போனால் பாறைமேல் ஒரு வெள்ளை நூல் தொங்கும், அவ்வளவே. பனி உருகும் வசந்தத்திலோ, நல்ல மழை பெய்த மறுநாளோ போவது உத்தமம்.

முதலில் டகானக் பார்க் ரோட்டில் ஏறி, மேலேயுள்ள காட்சி மேடையிலிருந்து எட்டிப் பாருங்கள். எவ்வளவு தண்ணீர் விழுகிறது என்பது அங்கேயே தெரிந்துவிடும். முட்டி வலிக்காரர்களுக்கு இதுவே போதும்.

பிறகு பள்ளத்தாக்குப் பாதை. போக முக்கால் மைல், திரும்ப முக்கால் மைல், ஏறக்குறைய சமதரை. நின்று பார்த்து வர ஒரு மணி நேரம் வையுங்கள். ஓடையின் அடித்தளம் சுண்ணாம்புக்கல். தளம் போட்டதுபோல் நேர்கோட்டில் வெடித்திருக்கும். நடந்துபோகும் தூரம் முழுக்க அருவி பின்வாங்கி வந்த வழிதான். பனியாறுகள் ஏரிப் பள்ளத்தை ஆழமாகத் தோண்டியதால் ஓடை உயரத்தில் தொங்கிப்போனது. அருவியின் உச்சியில் உறுதியான மணற்கல், அடியில் உதிரும் களிப்பாறை. அடி அரிக்க, மேல் சரிய, அருவி மெல்ல மெல்ல உள்ளே நகர்ந்தது.

அந்த உதிர்தல் இன்னும் ஓயவில்லை. 400 அடி வரை உயரும் சுவர்களிலிருந்து கற்கள் விழும். குளிர் விட்டு உறைபனி இளகும்போது அதிகம். படத்துக்காகச் சுவரோரம் போய் நிற்பதும், வேலி தாண்டி அருவியடிக்குப் போவதும்தான் இங்கே பெரிய தவறு. குற்றாலத்து நினைப்பில் துண்டோடு போனாலும் பலனில்லை, அருவியில் குளிக்கத் தடை. கோடையில் சாலைக்கு அந்தப் பக்கம் ஏரிக்கரையில், காவலர் இருக்கும் நேரத்தில் நீந்தலாம்.

விளிம்புப் பாதைகளில் படியேற்றம் உண்டு, குளிர்காலத்தில் மூடிவிடுவார்கள். பள்ளத்தாக்குப் பாதை அப்போதும் திறந்திருக்கும், ஆனால் வழுக்காத காலணி இல்லாமல் இறங்காதீர்கள்.