சுளுக்கு ஆறியும் கால் பிரண்டுக்கிட்டே இருந்துச்சு, பிசியோல சரியான கதை

ஷட்டில் ஆடுறப்போ வலது கணுக்கால் மடங்கி வீங்கிடுச்சு, எக்ஸ்ரேல எலும்பு உடையலன்னு கிரேப் பேண்டேஜ் சுத்தி அனுப்பிட்டாங்க, வீக்கம் வத்துச்சு வலியும் போச்சு. ஆனா தொல்லை அதுக்கப்புறம்தான் ஆரம்பிச்சது, பஸ்ல இருந்து இறங்குனா பிரளும், ஜல்லி கிடக்குற ரோட்டுல பிரளும், வாசப்படில கூட பிரளும். எலும்புல பலமில்லன்னு வீட்ல பால் பால்னு ஊத்துனாங்க.

அப்புறம் பாத்த ஆர்த்தோ டாக்டர் படுக்க வச்சு, ஒரு கையால கணுக்காலுக்குக் கொஞ்சம் மேல அழுத்திப் புடிச்சுக்கிட்டு இன்னொரு கையால குதிகாலை முன்னாடி இழுத்துப் பாத்தாரு. இடது கால் லேசா அசைஞ்சு டக்குன்னு நின்னுச்சு, வலது கால் வழுக்கிக்கிட்டே வந்துச்சு, எனக்கே தெரிஞ்சது. கணுக்காலோட வெளிப்பக்கம் மூணு லிகமெண்ட், அதாவது எலும்பையும் எலும்பையும் சேத்துப் புடிக்கிற நார், இருக்காம், பாதம் உள்பக்கமா மடங்குனா முன்னாடி இருக்குறதுதான் பெரும்பாலும் முதல்ல கிழியுமாம், அது தொளதொளன்னு ஆறிட்டா மூட்டு தளர்ந்துடும். இது எக்ஸ்ரேல தெரியாது, அதுல எலும்புதான் தெரியும். இன்னொன்னு, பாதம் எந்தக் கோணத்துல இருக்குன்னு மூளைக்குச் சொல்ற நரம்பு முனைகளும் அங்கதான் இருக்கு, அதுவும் அடிபட்டா கால் மடங்குறப்போ வெளிப்பக்கத் தசை இழுத்துப் புடிக்க லேட்டாயிடும். வலி போயிட்டா சரியாயிடுச்சுன்னு விட்டுடுறோமே, இந்த விஷயத்தை முதல் தடவையே யாராவது சொல்லியிருக்கணும்.

ஆபரேஷன் வேணுமான்னு கேட்டேன். 1966ல ஸ்வீடன் டாக்டர் ப்ராஸ்ட்ராம் சொன்ன, தொளதொளத்த லிகமெண்டை இழுத்துத் தைக்கிற முறைதான், கொஞ்சம் மாத்தி, இன்னிக்கும் பண்றாங்களாம், ஆனா முதல்ல 3லருந்து 6 மாசம் ஒழுங்கா பிசியோ, அதுல தேறலன்னாதான் அதுன்னாரு.

பிசியோல ரெண்டே வேலைதான். தேராபேண்டுன்னு ஒரு ரப்பர் பட்டை, அதைப் பாதத்துல மாட்டி வெளிப்பக்கமா இழுத்து மெதுவா திருப்பி விடணும், அந்த மெதுவா விடுறதுதான் முக்கியம். அடுத்தது ஒத்தக்கால்ல நிக்குறது. முதல்ல தரையில, அப்புறம் கண்ணை மூடிக்கிட்டு, அப்புறம் தலகாணி மேல. விரலை மடக்கித் தரையைக் கவ்வினா பிசியோ சொல்லிக் குடுக்குற அக்கா உடனே கால்ல தட்டுவாங்க, கணுக்கால்தான் வேலை செய்யணும்னு. கண்ணை மூடினதும் கால் வெடவெடன்னு ஆடும், சுவர் பக்கத்துல நின்னு பண்ணுங்க, விழுந்துடாதீங்க. வாரக்கணக்குல ஒண்ணுமே தெரியல, அப்புறம் ஒருநாள் ரோட்டுல பிரளப் போன கால் தானாவே நிமிந்துச்சு, அவ்ளோ சந்தோஷம்.

இப்போ ஆடுறப்போ மட்டும் கணுக்காலைத் தாங்கிப் புடிக்கிற லேஸ் வச்ச ப்ரேஸ் போடுறேன். புதுசா சுளுக்கினவங்க எண்ணெய் போட்டு உருவி விடாதீங்க ப்ளீஸ், நாலு அடி எடுத்து வைக்க முடியலன்னாலோ கணுக்கால் எலும்பை அமுக்குனா வலிச்சாலோ எக்ஸ்ரே எடுத்துடுங்க, முறிவு இல்லன்னா பிசியோவை எப்ப ஆரம்பிக்கலாம்னு அன்னிக்கே கேட்டுட்டு வாங்க.